காது வலித்த சாமி

சென்ற வாரம் நம் தோட்டத்துப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டிருந்தீர்கள். கோயில் பந்தல், உறுமியோடு இரண்டு பேர், நடுவில் தலைவிரிகோலமாக ஒரு பெண். முகமெல்லாம் மஞ்சள். கண் இறுக மூடியிருக்கிறது. இரண்டு கையும் தலைக்குப் பக்கத்தில். "நம்ம தோட்டத்து ஆத்தா. அந்தக் காலத்துச் சக்தியே தனி" என்று கீழே ஒரு வரி. அவ்வளவுதான், கும்பிட்ட கைகளாக வந்து விழுந்தன. ஒருவர் "பாத்ததுமே புல்லரிக்குது லா" என்று குரல் செய்தியே அனுப்பிவிட்டார்.

நண்பர்களே, புல்லரிப்பைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். அது ஆத்தா இல்லை, என் அத்தை. அருள் வந்து கையைத் தூக்கவில்லை, காதைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் அறுபதைத் தாண்டிய பிறகு பேசாமல் இருந்தால் எனக்கு வாயுத் தொல்லை வருகிறது.

உங்களில் பாதிப் பேர் சின்ன வயதிலேயே பீடோர்த் தோட்டத்தை விட்டுப் போய்விட்டீர்கள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

அத்தை என் அப்பாவுக்குத் தங்கை. எங்களோடு லயத்து வரிசை வீட்டில்தான் இருந்தாள். நீல விளிம்பு போட்ட எனாமல் தட்டு ஒன்று உண்டு, அதில்தான் சாப்பிடுவாள். சோறு ஒரு பக்கம், குழம்பு ஒரு பக்கம், கீரை ஒரு பக்கம். ஒன்றை ஒன்று தொட்டுவிட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள், பிறகு மறுபடியும் தனித்தனியாகப் போட்டுக் கொடுப்பாள். "பாசமெல்லாம் ஒண்ணுமில்ல, சண்ட வேணாம்னுதான்" என்று சொல்லிக்கொண்டே போடுவாள்.

அத்தைக்குப் பொய் வராது. தண்டல் மனைவி ஒருமுறை ஆசையாக மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தார். அத்தை தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "உப்பு இல்ல. போன தடவையும் இல்ல" என்றாள். தண்டல்தான் எங்களுக்கு மேலே வேலை வாங்குகிறவர் என்பதால் அந்தக் குழம்புக்காக அப்பா ஒரு வாரம் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். பெண் பார்க்கச் செமோரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தபோது, "ஒங்க வாயில பொகல நாத்தம், தள்ளி ஒக்காருங்க" என்றாள். அவர் தள்ளி உட்காரவில்லை, ஒரேயடியாகப் போய்விட்டார். தாயத்துக் கட்டிப் பார்த்தார்கள். கயிறு அரிக்கிறது என்று கடித்துத் துப்பிவிட்டாள். கடைசியில் எல்லாரும் கைவிட்டு, "அவ ஒரு மாதிரி" என்று முடித்துக்கொண்டார்கள். நம் தோட்டத்தில் நோய்க்கும் குணத்துக்கும் சேர்த்து அந்த ஒரு பெயர்தான் இருந்தது.

ஆனால் வேலை என்றால் அத்தையை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. விடியும் முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குச் சங்கு ஊதும்போது தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு தயாராக நிற்பாள். அவளுக்கென்று ஒதுக்கிய ரப்பர் மரங்கள், அவளுடைய நிரை, ஆற்றை ஒட்டி இருந்தது. ஒவ்வொரு மரத்தையும் ஒரு கையால் தொட்டுவிட்டுத்தான் உளியை வைப்பாள். மரம் அவளை எதுவும் கேட்காது. அவளும் மரத்திடம் உப்பைப் பற்றிப் பேசமாட்டாள். ஒருமுறை தண்டல் அவளை வேறு நிரைக்கு மாற்றிப் பார்த்தார். அவள் பழைய நிரையிலேயே போய் நின்றாள். வேறு ஆள் அங்கே பால் வெட்டிக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்று வெயில் ஏறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாளாம். வெட்ட வந்தவர் பயந்துபோய், "என்னைய மாத்திவிடுங்க தண்டல்" என்று கெஞ்சினார்.

ரப்பர் விதை வெடிக்கும் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். உச்சி வெயிலில் 'டப்' என்று காய் வெடித்து விதை தகரக் கூரையில் வந்து விழும். நாமெல்லாம் அதைச் சிமெண்டில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவர் தொடையில் வைப்போம். அத்தை அதில் ஒன்றை எப்போதும் உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருப்பாள். பிஸ்கட் டின் நிறைய விதை சேர்த்து வைத்திருந்தாள், அத்தனையும் எண்ணெய் பூசிய மாதிரி பளபளக்கும். திடீர்ச் சத்தம் எதுவும் அவளுக்கு ஆகாது, தாளிக்கும் சத்தத்துக்கே வெளியே ஓடுவாள். காய் வெடிக்கும் சத்தம் மட்டும் பிடிக்கும். அடுத்தது எந்த மரத்தில் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பாள்.

அதனால்தான் ஆடித் திருவிழா வந்தால் அம்மா ஒரு காரியம் செய்வாள். உறுமிக்காரர்கள் லாரியிலிருந்து இறங்கும்போதே அத்தையின் கையில் பிஸ்கட் டின்னைக் கொடுத்து ஆற்றுப் பக்கம் கூட்டிப் போய்விடுவாள். மேளம் முடிந்த பிறகுதான் இருவரும் திரும்புவார்கள். அம்மாவுக்குப் பக்தி இல்லை என்று ஊரில் பேச்சு. அம்மா அதைக் கண்டுகொண்டதில்லை.

அந்த வருடம் செமோரில் இருந்த பெரியம்மாவுக்குப் பிரசவம். அம்மா உதவிக்குப் போய்விட்டாள். போகும்போது அப்பாவிடம், "திருவிழா அன்னிக்கி இவள ஆத்துப் பக்கம் அனுப்பிருங்க. மறந்துறாதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

அப்பா அந்த வருடம் கோயில் தலைவர். தலைவர் வீட்டிலிருந்து, சிறுமி என்னைத் தவிர, ஒரு பெண் கூடக் கோயிலுக்கு வரவில்லை என்றால் நன்றாகவா இருக்கும்? "ஒரு நாள்தானே, பழகிக்குவா" என்றார். பழகிக்குவா. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நம் பெரியவர்கள் செய்த அநியாயம் கொஞ்சமா நஞ்சமா?

அந்தத் தடவை ஈப்போவிலிருந்து புது உறுமி மேளம். நான் அத்தைக்குப் பக்கத்தில்தான் நின்றேன். முதல் அடி விழுந்ததும் அத்தை காதைப் பொத்தினாள். இரண்டாவது அடிக்கு உடம்பை முன்னும் பின்னும் ஆட்ட ஆரம்பித்தாள். பிறகு ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், கோழியெல்லாம் லயத்துக்கு அடியில் ஓடிவிட்டது. அவ்வளவுதான். பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். யாரோ வேப்பிலையைக் கையில் திணித்தார்கள். சாமி வந்தால் உறுமியை இன்னும் ஓங்கி அடிப்பதுதானே வழக்கம்? ஓங்கி அடித்தார்கள். அத்தை இன்னும் கத்தினாள். அவர்கள் இன்னும் அடித்தார்கள்.

பூசாரி எலுமிச்சம்பழத்தோடு முன்னால் வந்தார். "வந்திருக்கிறது யாரு? சொல்லு தாயே!"

"நிறுத்து!" என்றாள் அத்தை.

"எத நிறுத்தணும் தாயே?"

"நிறுத்து... நிறுத்து..."

"கள்ளத்தான்! வேற என்னாத்த?" என்று பெண்கள் பக்கமிருந்து தண்டல் மனைவி குரல் கொடுத்தார். "கள்ள நிறுத்தச் சொல்றா ஆத்தா!" மறுபடி குலவை. ஆண்கள் பக்கம் ஒரே அமைதி.

"வேற என்ன வேணும் தாயே?"

"வூட்டுக்குப் போவணும்."

பூசாரி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "ஆத்தா வூடு கேக்குறா! எத்தன காலத்துக்கு ஓட்டக் கூரையில என்னைய நனைய வப்பீங்கன்னு கேக்குறா!" அத்தை வாழ்நாளில் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. பிறகு பூசாரி நீட்டிய எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கித் தோலோடு தின்றாள். ஊரே விழுந்து கும்பிட்டது. வீட்டில் அம்மா வைத்திருக்கும் எலுமிச்சையையும் அவள் அப்படித்தான் தின்பாள், அது அப்பாவுக்கும் தெரியும். ஆனால் அப்பாவும் விழுந்து கும்பிட்டார். எனக்கும் புல்லரிக்கத்தான் செய்தது, ஊரோடு ஒத்த புல்லரிப்பு. உறுமி மறுபடி விழ, அத்தை காதைப் பொத்திய நேரத்தில்தான் தோட்டத்து ஆபீஸ் கிராணியார் தன் கேமராவில் நீங்கள் பார்த்த படத்தை எடுத்தார்.

மறுநாளிலிருந்து எங்கள் வீடே மாறிவிட்டது. கோயிலுக்குப் புதுத் தகரக் கூரை வந்தது. கள்ளுக்கடை காற்று வாங்கியது. பள்ளிக்கூடத்தில் என் தொடையில் யாரும் விதையைத் தேய்த்து வைக்கவில்லை. சாமி வீட்டுப் பிள்ளையாம். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் குறி கேட்க வாசலில் கூட்டம். அத்தையைக் குளிப்பாட்டி, அம்மாவின் கூரைப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டி, நடுவில் உட்கார வைப்பார்கள். பூசாரி உடுக்கையை எடுத்து அவள் காதுக்குப் பக்கத்தில் அடிப்பார். அத்தை நடுங்குவாள். "வந்துட்டா!" என்பார் பூசாரி.

ஒரு மாமியார் கேட்டார்: "எம் மருமவ ஏன் தாயே எங்கிட்ட பேச மாட்டேங்குறா?"

"நீங்க விடாமப் பேசுறீங்க. அவ எப்பப் பேசுவா?"

தண்டலே செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து கை கட்டி நின்றார். "எல்லாரும் எனக்கு எதிரியா இருக்காங்களே தாயே, ஏன்?"

"நீங்க எல்லாரையும் திட்டுறீங்க."

தண்டல் பொலபொலவென்று அழுதார். இதே வாயால் உப்பு இல்லை என்று சொன்னபோது அது திமிர். இப்போது அருள்வாக்கு.

சிரிக்காதீர்கள், அல்லது சிரித்துவிட்டு இதையும் கேளுங்கள். அப்பா அத்தையை வேலைக்கு அனுப்பவில்லை. "சாமி வந்த ஒடம்பு. பால் வாளி தூக்க வச்சா நம்ம குடும்பமே வெளங்காது" என்றார். அவளுடைய நிரையைப் புதிதாக வந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். தினமும் சங்கு ஊதும்போது அத்தை தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு கதவுக்கு வருவாள். அப்பா தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு முன்னால் நிற்பார். "நெரைக்குப் போவணும்" என்பாள். நாள் முழுக்க அதையேதான் சொல்வாள். கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஆடிக்கொண்டே இருந்தாள். ஊரார் படைக்கிற சோறெல்லாம் கலந்த சோறு, தொடமாட்டாள். விதையைத் தேய்த்துத் தேய்த்துக் கட்டைவிரல் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. "ஆத்தா விரதம் இருக்கா" என்றார் பூசாரி. எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அம்மா திரும்பி வந்தது ஒரு வியாழக்கிழமை. பையோடு வாசலுக்கு வந்தவள், தன் குத்துவிளக்கு வெளியே எரிவதையும் தன் கூரைப் புடவை கொடியில் காய்வதையும் ஒரு நிமிடம் பார்த்தாள்.

"ஏங்க, யாரு செத்தா?"

"வாய மூடு. சாமி இருக்கிற வூடு" என்றார் அப்பா.

உள்ளே போய் அத்தையின் கட்டைவிரலைப் பார்த்தாள். திரும்பி வந்து அப்பாவைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது, குழுவில் பேரப்பிள்ளைகளின் கையில் போனைக் கொடுப்பவர்கள் இருக்கிறீர்கள். அப்பா எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "இது சாமி விசயம். நீ பேசக் கூடாது. நானும் பேசக் கூடாது."

"சரி. அப்ப சாமியே பேசட்டும்" என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா தலை வாரவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. நம் அம்மாக்கள் உலகமே அழிந்தாலும் தலை வாராமல் வாசலுக்கு வரமாட்டார்கள். கூட்டம் சேர்ந்தது. தண்டல் செருப்பைக் கழற்றினார். பூசாரி உடுக்கையை எடுத்து அத்தையின் காதுப் பக்கம் கொண்டுபோனார். முதல் அடி விழுமுன்னே அம்மா "ஏஏய்!" என்று ஒரு சத்தம் போட்டாள். பூசாரி உடுக்கையைக் கீழே போட்டுவிட்டார்.

தலைமுடியை அவிழ்த்துவிட்டு அம்மா சுழன்று சுழன்று ஆடினாள். நாக்கைத் துருத்தினாள். "நான்தான்டா வந்திருக்கேன்! எம் புள்ளைய வூட்டுல பூட்டியா வச்சிருக்கீங்க? அனுப்புடா அவள மரத்துக்கு! அவ நெரைய அவளுக்கே குடுடா! குடுக்கல, கோயில்ல ஏத்துன புதுத் தகரத்த பிச்சி எறிஞ்சிருவேன்!"

அப்பா வெலவெலத்துப் போனார். தண்டல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "குடுத்துர்றேன் தாயே, நாளைக்கே குடுத்துர்றேன்!" அம்மா ஜெயித்துவிட்டாள். இன்னும் ஒரு நிமிடம் யாரும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும்.

அத்தை தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு முதல்முறையாகத் தானாகப் பேசினாள்.

"அண்ணி, இது சாமி இல்ல. இது நீங்க. ஒரு கண்ணத் தொறந்து தொறந்து பாக்குறீங்க."

பாவம் பூசாரி. ஒரு சாமி இன்னொரு சாமியைச் சாமி இல்லை என்கிறது. எந்தச் சாமியை நம்புவது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அத்தையின் வாக்கை நம்பினால் அம்மா வேஷம் போட்டது உறுதி, அத்தைக்குக் கதவு திறக்காது. அம்மாவை நம்பினால் அத்தை சொன்னது பொய், அத்தை பொய் சொல்லமாட்டாள் என்று ஊருக்கே தெரியும்.

அம்மா ஆடுவதை நிறுத்தினாள். முடியை அள்ளிக் கொண்டை போட்டாள். மூச்சு வாங்க அத்தைக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"ஆமாடி. சாமி இல்ல, அண்ணிதான். இப்ப அண்ணி கேக்குறேன், நீ சொல்லு. திருவிழா அன்னிக்கி ஒனக்குச் சாமி வந்துச்சா, காது வலிச்சுச்சா?"

அத்தை கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"காது வலிச்சுச்சு."

பூசாரிதான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "ஆத்தா மலையேறிட்டா" என்று முணுமுணுத்துவிட்டு உடுக்கையைப் பையில் போட்டுக்கொண்டார். தண்டல் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். மாட்டியதும் பழைய தண்டலாகிவிட்டார். "காலையில பெரட்டுக்கு வந்துரு. பழைய நெரதான். லேட்டா வந்தே, தெரியும்ல?" என்று உறுமினார்.

"நான் லேட்டா வந்ததே இல்ல. நீங்கதான் லேட்டு" என்றாள் அத்தை.

அது சாமி இல்லை என்ற சேதி கேட்டதும் முதலில் நம்பியவர்கள் ஆண்கள்தான். கள்ளுக்கடை அன்றே நிரம்பி வழிந்தது. கூரையை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. மறுநாள் சங்கு ஊதியபோது தாழ்ப்பாளைத் திறந்தது அப்பாதான். தலைவிளக்கைத் தன் சட்டையால் துடைத்து அத்தையின் கையில் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். அவள் அப்படித்தான், சந்தோஷமாக இருந்தால் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

அத்தை தன் மரங்களைத் தோட்டம் மூடும்வரை வெட்டினாள். பிறகு ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது, பிறகு தாமான் குடியிருப்பு வந்தது, பிஸ்கட் டின் எந்த வீடு மாற்றத்தில் போனது என்று தெரியவில்லை. அத்தையும் போய்விட்டாள்.

என் மகனுக்கு ஆட்டிசம் என்று ஈப்போவில் டாக்டர் சொன்னபோது எனக்கு உடனே கண்ணில் வந்து நின்றது நீல விளிம்புத் தட்டுதான். அவர் மணிக்கணக்காக என்னென்னவோ கேட்டார். எனக்கு என்னவோ அம்மா தரையில் உட்கார்ந்து கேட்ட அந்த ஒரு கேள்வியே ஞாபகத்துக்கு வந்தது. ஊரே அத்தையிடம் குறி கேட்டது, அவளைப் பற்றி அவளிடமே கேட்டது அம்மா ஒருத்திதான். வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "இது ஒங்க வூட்டுப் பக்கம்தான்" என்றார். நாளிதழை வாங்கியதும் நான்காக மடித்து, அந்த மடிப்பை வேறு யாராவது கலைத்தால் அன்று முழுக்கச் சாப்பிடாத மனிதர் சொல்கிறார். அன்றிலிருந்து குடும்ப விருந்தில் யாரைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம்தான், கண்ணாடியில் பார்க்கும்போதும்.

மகனுக்கு முப்பது ஆகப் போகிறது. ஒரு ஹோட்டலில் துணி மடிக்கும் வேலை. குக்கர் விசில் வரப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், சொன்னால் பால்கனிக்குப் போய்விடுவான். வீட்டுக்கு வருகிறவர்களிடம் "எப்பப் போவீங்க?" என்று கேட்பான். முதலில் நெளிந்தேன், இப்போது நானும் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். சனிக்கிழமை ஒரே கடையில் நாசி லெமாக் சோறு, அதன் காரச் சம்பல் தனிப் பொட்டலம்.

உங்கள் படம் வந்த அன்று அதை அவனிடம் காட்டினேன். யார், எவர் என்று ஒன்றும் சொல்லவில்லை. அவன் மடித்துக்கொண்டிருந்த துவாலையை வைத்துவிட்டுப் போனை வாங்கிப் பார்த்தான்.

"இவங்களுக்குச் சத்தம் ஜாஸ்தி" என்றான். அதற்குப் பிறகு, "ஏம்மா, யாரும் இவங்கள வெளிய கூட்டிட்டுப் போகல?"

"கூட்டிட்டுப் போறவங்க அன்னிக்கி ஊர்ல இல்லடா."

"அடுத்த வருசம்?"

"அடுத்த வருசம் இருந்தாங்க. உறுமி லாரி வர்றதுக்கு முன்னாலயே ஆத்துப் பக்கம் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்பறம் எல்லா வருசமும்."

"சரி" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து துவாலையை மடிக்க ஆரம்பித்தான்.